ஸ்க்ரூ இல்லாத இன்ஜின்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டு கேட்டைத் திறந்த உடனேயே மூத்த மாப்பிள்ளைக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. ஷெட்டுக்குள் பளபளவென்று ஒரு வெள்ளைக் கார் நின்றது. முப்பத்துமூன்று வருஷமாக அந்த ஷெட்டில் குடியிருந்த பச்சைக் காரை வெளியே தள்ளி, சுவரோரமாக, துணி காயப்போடும் கொடிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். அதன் தலைமேல் யாருடைய பனியனிலிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். அந்தப் பச்சைக் காருக்குள் இருப்பது அவருடைய இன்ஜின்.

அவர் ஒரு கார் இன்ஜின் தொழிற்சாலையில் டெஸ்ட் ரூமுக்குத் தலைவர். செய்து முடித்த இன்ஜினை மேடையில் பூட்டி, ஓடவிட்டு, எத்தனை குதிரைத்திறன் தருகிறது என்று அளந்து கையெழுத்துப் போடுகிறவர். முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், இரும்பு வார்ப்பு இன்ஜின் ஒன்று தொண்ணூற்றேழு குதிரையில் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. மூன்று மாதம் அசையவில்லை. டிசைன் போட்டவர்களே கையை விரித்துவிட்டார்கள். அப்போது இருபத்தைந்து வயசாக இருந்த இவர், புகை வெளியேறும் குழாய்களை வெட்டி ஒட்டி நீளத்தை மாற்றினார். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு மத்தியானம் மீட்டர் முள்ளைக் கொண்டுபோய் நூறில் நிறுத்தினார். அந்தத் தொழிற்சாலையில் நூறைத் தொட்ட முதல் இன்ஜின் அதுதான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், இன்றைக்கும் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் அவரை 'நூறு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.

அந்த நூறைப் பார்த்துத்தான் மாமனார் பெண்ணையே கொடுத்தார். கல்யாணமான வருஷமே அந்த இன்ஜின் வைத்த பச்சைக் காரையும் வாங்கினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பானெட்டைத் தட்டிக் காட்டி, "நூறு குதிரை! எங்க மாப்பிள்ளை கட்டி மேய்ச்சது," என்று பீற்றிக்கொள்வார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனாரிடமிருந்து போன் வரும். "மாப்ளே, வண்டி நின்ன இடத்துல துள்ளுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்." இவர் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்புவார். கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஐட்லிங் ஸ்க்ரூ என்று ஒரு பித்தளை ஸ்க்ரூ உண்டு. மாமனார் டார்ச் பிடிப்பார். இவர் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே கால் சுற்று இந்தப் பக்கம், அரைக்கால் சுற்று அந்தப் பக்கம் திருகுவார். இன்ஜின் துள்ளலை விட்டுச் சமர்த்தாக உறுமும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் டீ, பேச்சு, சாப்பாடு, தூக்கம். முப்பத்துமூன்று வருஷமாக இப்படித்தான்.

இந்த வாரம் இவர்தான் பழக்கத்தில் கிளம்பி வந்தாரே தவிர, போன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இப்போது ஷெட்டுக்குள் நிற்கிறது.

"வாங்க வாங்க மாப்ளே!" என்று மாமனார் ஓடிவந்தார். எழுபத்தெட்டு வயசில் என்ன ஓட்டம்! "பார்த்தீங்களா? சின்ன மாப்பிள்ளை கொண்டாந்து நிறுத்திட்டார். வேணாம் வேணாம்னு சொன்னேன், கேட்டாத்தானே!"

வேண்டாம் என்று சொன்னவரின் வாயெல்லாம் பல்.

சின்ன மாப்பிள்ளை, அதாவது நம்மவரின் சகலை, அடக்கமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்த அடக்கத்தைப் பார்த்தாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். கொழுந்தியாளின் புருஷன். பன்னிரண்டு வயசு இளையவர். அதே தொழிற்சாலையில் டிசைன் இன்ஜினியர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரை உள்ளே சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டதே இவர்தான் என்பதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

"மாமாவுக்கு கிளட்ச் மிதிச்சு முட்டி வலிக்குதுன்னார் அண்ணா. இதுல கிளட்ச்சே கிடையாது," என்றார் சகலை.

"ரொம்ப நல்லது சகலை. ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க," என்றார் இவர். ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையில் முள்ளாகக் குத்திவிட்டுத்தான் வெளியே வந்தது.

பானெட்டைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் மூடி. இன்ஜினைக் காணோம்.

"இன்ஜின் எங்க?"

"அதுக்குக் கீழதான் அண்ணா. நம்ம புதுசு. ஒரு லிட்டர், மூணு சிலிண்டர், டர்போ."

"பவர்?" தெரிந்துகொண்டேதான் கேட்டார். பல் வலிக்கிற இடத்தையே நாக்கு போய்த் தடவுமே, அந்த மாதிரி.

"நூத்திருபது வரும்ணா."

இவர் குனிந்தார். இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"என்ன தேடுறீங்க மாப்ளே?" என்றார் மாமனார்.

"ஐட்லிங் ஸ்க்ரூ."

"அதெல்லாம் இல்லண்ணா," என்றார் சகலை. "கம்ப்யூட்டரே பார்த்துக்கும்."

மாமனார் கையில் வழக்கம்போல டார்ச் இருந்தது. பழக்க தோஷத்தில் எடுத்துவந்திருப்பார் போலிருக்கிறது. அதை எங்கே அடிப்பது என்று தெரியாமல் பிளாஸ்டிக் மூடிமேல் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அணைத்துவிட்டார்.

அன்றைக்கு மூத்த மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் பொறாமை இன்று நேற்று வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் நூறைத் தொட்டு நின்ற பிறகு வருஷங்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் கார்புரேட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிற இன்ஜெக்ஷன் வந்தது. ஒண்ணேமுக்கால் லிட்டரிலேயே நூறு வந்தது. அப்புறம் ஒரு சிலிண்டருக்கு ரெண்டு வால்வு போய் நாலு வால்வு ஆயிற்று. ஒண்ணரை லிட்டரில் நூறு. புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பாவைக் கட்டாயமாக்கியபோது எல்லா இன்ஜினும் கொஞ்சம் மூச்சுத் திணறியது. ஒரு வருஷம் நம்மவர் நிம்மதியாகத் தூங்கினார். அதையும் சமாளித்து மேலே வந்துவிட்டார்கள். ஒண்ணேகால் லிட்டரில் நூறு. இரும்பு போய் அலுமினியம் வந்தது. இரண்டு பேர் சங்கிலி போட்டுத் தூக்கிய எடை, பாதியாகிவிட்டது. நூறு என்னவோ நூறாகவேதான் இருந்தது. அதற்கு வேண்டிய லிட்டர்தான் சோப்பு மாதிரி தேய்ந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவையும் அளந்து, கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லவேண்டிய தலையெழுத்து இவருக்கு.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. அந்த இன்ஜின்களை எல்லாம் யார் யாரோ செய்தார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை இவர் மாமனார் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். தொழிற்சாலைக்கு ஐம்பது வயசு ஆகப்போகிறதாம். விழா எடுக்கிறார்களாம். முன்கூடத்தில் மேடைமேல் சாம்பல் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் இவருடைய இன்ஜினுக்குப் பக்கத்திலேயே சகலையின் இன்ஜினையும் நிறுத்தப்போகிறார்களாம்.

"சும்மா நிறுத்தினா நல்லா இருக்காது நூறு சார். அன்னிக்கு ரெண்டையும் டெஸ்ட் ரூம்ல ஓடவிட்டு எல்லாருக்கும் காட்டிடுவோம். வர்ற நம்பரைப் பலகையில எழுதி மாட்டிடுவோம். எல்லாரும் குடும்பத்தோட வரட்டும். உங்க மாமனாரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு மாப்பிள்ளையும் நம்ம கம்பெனி, அவருக்கு எவ்ளோ பெருமை!"

ஆக, மாமனார் கண்ணெதிரில், பெண்டாட்டி கண்ணெதிரில், ஊழியர்கள் எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு நம்பர். தோற்பது நிச்சயம் என்று இவருக்குத் தெரியும். நூற்றிருபது பெரிசா நூறு பெரிசா என்று கேட்டால் ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் எவ்வளவு தூரத்தில் தோற்பது என்று ஒன்று இருக்கிறதில்லையா? அந்த நூற்றிருபது ஒரு நூற்றைந்தாகச் சுருங்கினால்? "அடேயப்பா, முப்பத்துமூணு வருஷத்துல அஞ்சு குதிரைதானா!" என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா?

நல்ல மனுஷன்தான். ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. ஆனால் வயிற்றெரிச்சல் வந்துவிட்டால் நல்ல மனுஷன் எங்கே போவான், பாவம்.

டர்போ இன்ஜினில் ஒரு சங்கதி உண்டு. அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்று போனால் இன்ஜின் பயந்துபோய் தானாகவே அடக்கி வாசிக்கும். அதனால் காற்றைக் குளிரவைத்து அனுப்ப ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. டெஸ்ட் ரூமில் அதன்மேல் காற்றடிக்க ஒரு பெரிய ஃபேன், அந்த ஃபேனிலிருந்து ஒரு தகரக் குழாய், குழாய்க்குள் திறந்து மூட ஒரு தகடு. விழாவுக்கு முந்தைய வாரம் ஒத்திகை வைத்தார்கள். சகலை வருவதற்குக் கால் மணி முன்னால் நம்மவர் உள்ளே போய் அந்தத் தகட்டைப் பாதி மூடிவிட்டு வந்தார். மூன்று விநாடி வேலை. ரூமின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. டெஸ்ட் ரூம் பிரிண்ட்டில் ரூம் சூடு, தண்ணீர்ச் சூடு, ஆயில் சூடு மூன்றுதான் வரும்.

இன்ஜின் ஓடியது. நம்பர் ஏறியது. நூற்றாறில் நின்றது.

"என்னண்ணா இது?" என்றார் சகலை. முகம் வெளுத்துவிட்டது.

"மெஷின் சொல்றதைத்தானே நான் எழுத முடியும் சகலை?" என்று சொல்லிவிட்டு நூற்றாறு என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டார். அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பெண்டாட்டியே ஆச்சரியப்பட்டு, "என்னங்க, சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை சகலை லேப்டாப்போடு டெஸ்ட் ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்தினார். அவர் சாத்திய விதத்திலேயே இவருக்குப் பகீர் என்றது.

"அண்ணா, இன்ஜினோட கம்ப்யூட்டர்ல இருந்து நேத்து ஓடினதை எடுத்துப் பார்த்தேன்."

"எடுத்துப் பார்த்தீங்களா? என்ன எடுத்துப் பார்த்தீங்க?"

"எல்லாமேதான். நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதி வச்சிருக்கும். உள்ள போற காத்து எழுபத்தெட்டு டிகிரி போயிருக்கு. நாப்பத்தஞ்சு இருக்கணும்."

பார்த்தீர்களா? அங்கேதான் மாட்டிக்கொண்டார். அவர் காலத்து இன்ஜினுக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. என்ன செய்தாலும் வாயைத் திறக்காது; அணைத்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும். இந்தப் புதுசு இருக்கிறதே, யார் என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றையும் குறித்து வைத்துக்கொள்கிறது. முப்பத்துமூன்று வருஷ அனுபவத்தில் அது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. காதுமடல் சுட்டது. இதோ, இப்போது கேட்கப்போகிறான், ஏன் அண்ணா இப்படிப் பண்ணீங்க என்று கேட்கப்போகிறான் என்று நின்றார்.

சகலை லேப்டாப்பை மூடினார். "அந்தத் தகடு ஒட்டிக்கிச்சு போலிருக்குண்ணா. பழைய ரூம்தானே. துரு பிடிச்சிருக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?"

இவர் போய் எண்ணெய் விட்டார். துருவே இல்லாத தகட்டுக்கு எண்ணெய் விடுவது எவ்வளவு கேவலம் என்பது விட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும். இன்ஜின் மறுபடி ஓடியது. நூற்றிருபத்தொன்று.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சகலை கிளம்புகிற மாதிரி கிளம்பி, கதவில் கை வைத்து நின்றார்.

"அண்ணா, உங்க இன்ஜினை விழா அன்னிக்கு, அந்தக் காலத்துல அளந்த மாதிரியே அளந்துடுங்க. ஃபேன், டைனமோ, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்ட வேணாம். யாரும் கேட்க மாட்டாங்க. நூறு அப்படியே வரும்."

இவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் குதிரைத்திறனை அளக்கும்போது இன்ஜினை மொட்டையாக அளப்பார்கள். ஃபேன் இருக்காது, டைனமோ இருக்காது, காற்று வடிகட்டி இருக்காது, சைலன்சர் இருக்காது. தண்ணீரும் கரண்டும் வெளியிலிருந்து வரும். அப்போது இருந்த முறையே அதுதான்; யாரும் திருட்டுத்தனம் பண்ணவில்லை. பிற்பாடு முறையை மாற்றினார்கள். காரில் என்னென்ன மாட்டியிருக்குமோ எல்லாவற்றையும் மாட்டித்தான் அளக்க வேண்டும் என்று வந்தது. சகலையின் நூற்றிருபத்தொன்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்த நூற்றிருபத்தொன்று. இவருடைய நூறு, சட்டையைக் கழற்றி நின்று எடை பார்த்த மாதிரி ஒரு நூறு. அந்தக் கணக்கு அவருக்கு முப்பத்துமூன்று வருஷமாகத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"வேலைக்குச் சேர்ந்த மொத வாரமே பழைய ஃபைலைப் புரட்டிட்டிருந்தேன் அண்ணா. அன்னிக்கு நீங்க எழுதின சீட்டு இருந்தது. கீழ நீங்களே ஒழுங்கா எழுதியிருக்கீங்க, இன்னின்ன மாட்டலைன்னு."

"ஒம்பது வருஷமாவா?"

"அதுல என்னண்ணா இருக்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் மாமனார் பானெட்டைத் தட்டி "நூறு குதிரை!" என்கிறபோது இந்த ஆள் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவர் மானம் கப்பலேறியிருக்கும். சொல்லவில்லை. பரிதாபப்பட்டிருக்கிறார்!

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பெண்டாட்டியிடம் கொட்டித் தீர்த்தார். தகட்டை மூடியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவர் காட்டிக்கொடுக்கலையே?"

"அதான் கொடுமையே! காட்டிக்கொடுத்திருந்தா ஒரு சண்டை போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இன்ஜின்லயும் என்னை ஜெயிச்சாச்சு. இப்ப நல்ல மனுஷன்கிறதுலயும் என்னை ஜெயிக்கணுமா?"

"தங்கச்சி வீட்டுக்காரர் கெட்டது பண்ணாலும் உங்களுக்கு எரியுது, நல்லது பண்ணாலும் எரியுது," என்றாள் அவள். "கத்தியை வச்சுட்டு மோர் கரைச்சுத் தரேன், குடிங்க. அதுக்கு மேல எனக்கு வைத்தியம் தெரியாது."

விழா நாள். காலை ஏழு மணிக்கெல்லாம் நம்மவர் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அவருடைய பழைய இன்ஜினை இரண்டு வாரமாகப் பிரித்து, புது ரிங் போட்டு, தயாராக இரண்டாம் நம்பர் ரூமில் ஏற்றி வைத்திருந்தார். மொட்டையாகத்தான் ஏற்றியிருந்தார். ஓட்டினால் நூறு வரும். முந்தின நாள் ஓட்டியும் பார்த்தாயிற்று, வந்தது. யாரும் கேட்க மாட்டார்கள். சகலை சொல்ல மாட்டார். சாகும்வரை 'நூறு'வாகவே இருக்கலாம்.

ஆனால் அந்த நூறு இனிமேல் சகலை போட்ட பிச்சை. முள் நூறில் நிற்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் அடக்கமாகத் தலையாட்டுவார். அதை நினைத்தபோதே உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்டோருக்குப் போய் ஃபேனை எடுத்துவந்தார். டைனமோவை எடுத்துவந்தார். பெல்ட், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாவற்றையும் எடுத்துவந்து, ஒண்டி ஆளாக ஒவ்வொன்றாக மாட்டினார். நேர்மையில் வந்த முடிவு என்று யாராவது பின்னால் புகழ்ந்தால் நம்பிவிடாதீர்கள். முழுக்க முழுக்க வயிற்றெரிச்சல்.

பத்து மணிக்குக் கண்ணாடிக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடித்தது. மாமனாருக்கு முன்வரிசையில் நாற்காலி. அக்காளும் தங்கையும் அவருக்கு இரண்டு பக்கமும். முதலில் சகலையின் இன்ஜின் ஓடியது. நூற்றிருபத்தொன்று. கைதட்டினார்கள். அடுத்தது இரண்டாம் ரூம்.

இவர் ஸ்டார்ட் செய்தார். பழைய இரும்பு ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சகலை கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணா!" என்று பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார். "ஃபேன் மாட்டியிருக்கு. சைலன்சர்கூட மாட்டியிருக்கு!"

"இருக்கட்டும் சகலை. கார்ல இருக்குல்ல?"

"வேணாம்ணா. நான் சொல்றதைக் கேளுங்க, கழட்டிடலாம்—"

"நீங்க சொல்றதைக் கேட்க மாட்டேன்னுதானே மாட்டினேன்?"

வேகத்தைக் கூட்டினார். முள் ஏறியது. அறுபது, எழுபது. எழுபத்தேழில் போய் நின்றது. இன்ஜின் முழு மூச்சோடு கத்தியது, முள் அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. இவர் சாக்பீஸை எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாகப் பலகையில் எழுதினார்: 77.

"என்ன நூறு சார், மீதி இருபத்துமூணு குதிரை எங்க போச்சு?" என்றார் மேனேஜர். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"என்னிக்குமே இருந்ததில்ல சார்," என்றார் இவர். "அப்பல்லாம் மொட்டையா அளப்போம். அது நூறு. கார்ல போட்டா இதுதான். ஃபேன் கொஞ்சம் தின்னும், டைனமோ கொஞ்சம் தின்னும், மீதியை ஃபில்டரும் சைலன்சரும் அமுக்கிடும். சின்னவரோட நம்பர் எல்லாத்தையும் மாட்டிட்டு வந்த நம்பர். அதுதான் சரியான நம்பர்."

சொல்லி முடித்துத் திரும்பிச் சகலையைப் பார்த்தார். சகலையின் முகம் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒன்பது வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெருந்தன்மை ஒரே நிமிஷத்தில் உதவாமல் போய்விட்டது. அப்பாடா! மூத்த மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அந்தக் குளிர்ச்சி மாமனாரைப் பார்க்கும் வரைக்கும்தான் நிலைத்தது. கிழவர் நாற்காலியை விட்டு எழுந்து, மெதுவாக இவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். நூறைப் பார்த்துப் பெண் கொடுத்தவர். முப்பத்துமூன்று வருஷம் பானெட்டைத் தட்டியவர்.

"மாமா, நான் உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்," என்று ஆரம்பித்தார்.

"எதை? நூறு இல்லைங்கிறதையா?" என்றார் கிழவர். "ஓட்டினவன் நான் மாப்ளே. மார்க்கெட் மேட்டுல ரெண்டாவது கியர் போடாம அது ஒருநாளும் ஏறினது கிடையாது. நூறு குதிரையில பாதி எங்கயோ மேயப் போயிருக்குன்னு வாங்கின மாசமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் மாமா ஒரு வார்த்தை கேட்கலை?"

"கேட்டா நீங்க வேற நல்ல வண்டியாப் பார்த்துக் குடுத்துட்டா?" கிழவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஸ்க்ரூ இருக்கே மாப்ளே. அதை சனிக்கிழமை சாயங்காலம் நானே கொஞ்சம் திருகி விட்டுடுவேன். அப்பத்தானே நீங்க ஞாயித்துக்கிழமை வருவீங்க?"

மூத்த மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் இத்தனை பேர் நடுவில் வேறென்ன செய்ய முடியும்?

சகலை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக, "மாமா, புது வண்டியில ஏதாவது சத்தம் கித்தம் வருதா?" என்றார்.

"உங்க வண்டியில என்ன மாப்ளே இருக்கு? ஒரு குறையும் கிடையாது. பட்டனை அமுக்கினா ஓடுது."

"ஞாயித்துக்கிழமை நான் வந்து ஒரு தடவை பார்க்கவா?"

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்? அதான் கம்ப்யூட்டரே பார்த்துக்குதே," என்றார் கிழவர், நல்லெண்ணத்தோடுதான்.

சகலையின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அந்த இழுப்பு நம்மவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் பண்ணும்போது பார்ப்பதுதான். நூற்றிருபத்தொரு குதிரை வைத்த மனுஷன், திருகுவதற்கு ஒரு ஸ்க்ரூ இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

வேண்டுமென்றே இரண்டு நிமிஷம் அதை ஆற அமரப் பார்த்து ரசித்துவிட்டு, அப்புறம்தான் நம்மவர் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க சகலை. டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும். மாமாவுக்குக் கை வலிக்குதாம்."

"எனக்கா? எனக்கெங்க—" என்று ஆரம்பித்த கிழவரின் காலை யாரோ மிதித்தார்கள். பெரிய மகளாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "மாப்ளே, துள்ளுது!" இவர் போனபோது பச்சைக் கார் ஷெட்டுக்குள் திரும்பியிருந்தது. வெள்ளைக் கார் கொடிக்குக் கீழே, ஒரு ஈரத் துண்டின் தண்ணீரை வாங்கிக்கொண்டு நின்றது. பானெட்டைத் திறந்து இவர் குனிந்தார். சகலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, டார்ச்சைச் சரியாக அந்தப் பித்தளை ஸ்க்ரூமேல் அடித்தார். வெளிச்சம் இம்மியும் ஆடவில்லை. கிழவர் பிடித்தால் முப்பத்துமூன்று வருஷமாக அது ஆடு மேய்கிற மாதிரி எங்கெங்கோ போய்விட்டுத்தான் வரும்.

"அடடா!" என்றார் மாமனார், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து. "சின்ன மாப்பிள்ளை டார்ச் என்னமா பிடிக்கிறார் பாருங்க!"

மூத்த மாப்பிள்ளையின் கை ஸ்க்ரூமேல் நின்றுவிட்டது.

"கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிங்க சகலை," என்றார் கடுப்பாக. "கண்ணு கூசுது."